துக்கம் நெஞ்சை அடைப்பது ஏன்?

கிள்ளானில் கணவரை அடக்கம் செய்த அன்றே ஓர் அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று வைத்துக்கொள்வோம். இசிஜி மாரடைப்பு என்கிறது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கலக்கும் டிரோபோனின் புரதமும் ஏறியிருக்கிறது. ஆனால் ஆஞ்சியோகிராமில் பார்த்தால் இதய இரத்தக் குழாய்களில் அடைப்பே இல்லை. எப்படி?

அதிர்ச்சியில் பெருகும் அட்ரினலின் இதயத் தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கிறது. இடது கீழறையின் நுனி சுருங்காமல், ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானைபோல் உப்புகிறது. 1990இல் ஜப்பானில் இந்நிலைக்கு அந்தப் பானையின் பெயரையே வைத்து ‘டகோட்சுபோ’ என்றார்கள். பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள்.

தாதி என்ன செய்வார்? 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுப்பார். “வீட்டில் ஏதும் நடந்ததாம்மா?” என்று கேட்டுக் குறித்துவைப்பார். ஆனாலும் ஆஞ்சியோகிராம் முடியும்வரை மாரடைப்பாகவே கருதுவார். பிறகும் இரத்த அழுத்தம், துடிப்பு இரண்டையும் கண்காணிப்பார். பலர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள்.

வீட்டார் “அழுத களைப்பு” என்று விட்டுவிடாமல் உடனே 999ஐ அழைக்க வேண்டும்.