பலகைப் பெட்டிக்குள் ஒரு சீதோஷ்ணம்

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பிரதேசத்துச் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் வொயிட், தம் அத்தை காலமான பின்பு 1780-ம் ஆண்டில் தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்த திமதி என்ற தரை ஆமையின் நடவடிக்கைகளைப் பல ஆண்டுக் காலம் பொறுமையோடு கவனித்து, 1789-ல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். இலையுதிர் காலத்தில் வெயில் மெலியும்போது அந்த ஆமை சுவரோரம் சென்று, தன் ஓட்டைச் சுவரின்மேல் சாய்த்து, கிடைக்கிற கிரணம் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்ளுமென்றும், கோடையின் உச்சியிலோ முட்டைக்கோஸ் இலையின் அடியில் ஒதுங்கிவிடுமென்றும் அவர் கண்டார். தன் உடம்பின் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும் சக்தியற்ற ஒரு ஜீவன், இடம் மாறுவது ஒன்றினாலேயே தன் சரீர நிலையை ஆண்டுகொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சித்திரம் எதையும் நான் அறியேன். ஆமைக் குஞ்சு ஒன்றை வீட்டுக்குள் வைத்து வளர்க்க விரும்புகிறவர் முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதும் இதுவே. வெயிலும் நிழலும், வெம்மையும் குளிர்ச்சியும், ஈரமும் உலர்வும் அடுத்தடுத்து அமைந்த ஓர் இடத்தைக் கட்டித் தருவது நம் கடமை. அவற்றுள் எது எந்த நேரத்தில் வேண்டுமென்று தீர்மானிக்கும் உரிமை ஆமையினுடையது.

பிரிட்டனில் இன்று வீடுகளில் வளர்க்கப்படும் தரை ஆமைகளுள் ஹெர்மன் ஆமை முக்கியமானது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து இயற்கையியல் அறிஞர் யோஹான் ஹெர்மனின் பெயரைத் தாங்கிய இவ்வினத்துக்கு ஸ்பெயின், தென்பிரான்ஸ், இத்தாலி, பால்கன் தேசங்கள் தாயகம். ஒரு காலத்தில் மத்தியதரைப் பிரதேசத்துத் தரை ஆமைகள் லட்சக்கணக்கில் கப்பலேறி வடக்கே சென்று, கடைகளிலும் சந்தைகளிலும் விலைபோய், குளிராலும் வாங்கியவர்களின் அறியாமையாலும் பெரும்பகுதி மாண்டுபோயின. 1984-ல் ஐரோப்பிய சமூகம் அந்த வியாபாரத்தைத் தடை செய்தது. இப்போது முறையாக விற்பனைக்கு வருபவை மனிதர் பராமரிப்பில் பொரித்தவையே. அவற்றையும் உரிய சான்றிதழ் இன்றி விற்கலாகாது. நம் தேசத்து நட்சத்திர ஆமையின் நிலை வேறு. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2019-ல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையும் அதை உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதிர்ஷ்டத்தின் பெயரால் அந்த அழகிய ஜீவனைக் காட்டிலிருந்து பெயர்த்துவரும் கொடுமை நம்மிடையே இன்னும் நிற்கவில்லை என்பது எனக்குப் பெரும் வேதனை. ஆதலால் இங்கே சொல்லப்போகும் முறைகளெல்லாம், சட்டம் இடங்கொடுக்கும் தேசங்களில் சட்டப்படி பெற்ற ஹெர்மன் குஞ்சுக்கே உரியவை.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் ஓடு 3 அல்லது 4 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். இத்தனை சிறிய பிராணிக்கு எதற்கு விசாலமான இடம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பெட்டி குறுகினால் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இடையே உஷ்ண பேதம் இல்லாமற்போய், முழுவதும் ஒரே அடுப்பாகிவிடும். ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மரப்பெட்டி ஆரம்பத்துக்குப் போதும். பக்கங்கள் கண்ணாடியாக இருத்தல் நன்றன்று. எதிரே தெரியும் வெளியை அடைந்துவிடலாமென்று எண்ணி, தடுப்பு இருப்பதை உணராத ஆமை அதன்மேல் மணிக்கணக்கில் முட்டிக்கொண்டே நடக்கும். மேற்புறத்தைத் திறந்துவிடுவதா மூடுவதா என்பதில் வளர்ப்போரிடையே இரு கட்சிகள் உண்டு. முழுதும் திறந்த பெட்டியில் காற்றோட்டம் நன்று, ஈரம் நிற்காது. முழுதும் மூடியதில் ஈரம் நிற்கும், உஷ்ணம் எளிதில் மிஞ்சிவிடும். குளிர்ந்த கோடியின் மேற்பாதியை மட்டும் பலகையால் மூடி, விளக்குள்ள பாதியைத் திறந்துவிடுவதே என் அபிப்பிராயத்தில் உத்தமம். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் திறந்த பாதியின்மேல் கம்பிவலை அவசியம். நாயைப் பற்றி நான் மிகுந்த கண்டிப்புடன் சொல்லுகிறேன், எத்தனை சாதுவான நாயும் ஆமையை எலும்பாக எண்ணிக் கடித்துவிடக்கூடும்.

உஷ்ணத்துக்கு ஒரு கோடியில் பல்பு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். அதன் நேர் கீழே, ஆமையின் முதுகு வரும் உயரத்தில், 32 முதல் 35 டிகிரி செல்சியஸும், மறு கோடியில் 20 அல்லது 22 டிகிரியும் இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்து, இரு கோடிகளிலும் வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கையால் தொட்டு அறியும் ஊகம் இதில் உதவாது. பல்பைப் பீங்கான் ஹோல்டரில் பொருத்தி, மின்கம்பியில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டுவது தீவிபத்தைத் தவிர்க்கும். இரவில் விளக்கை அணைத்துவிடலாம். அறை 15 டிகிரிக்குக் கீழே போகாதவரை அந்தக் குளிர்ச்சி குஞ்சுக்கு இயல்பானதே. கடைகளில் கிடைக்கும் தரைச்சூட்டு விரிப்புகளை மட்டும் நான் அறவே நிராகரிக்கிறேன். வானத்திலிருந்து வெம்மை வருவதும், அது மிஞ்சினால் மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கிக் குளிர்ச்சி தேடுவதும் இந்தப் பிராணியின் பரம்பரை ஞானம். கீழிருந்து சூடேற்றினால், தப்பிக்க அது தோண்டும் ஒவ்வொரு அங்குலமும் அதை நெருப்புக்கு இன்னும் அருகில் கொண்டுபோகும்.

வெம்மை மாத்திரம் போதாது, வெயிலின் கண்ணுக்குப் புலனாகாத பகுதியும் வேண்டும். சூரிய ஒளியிலுள்ள யு.வி.பி. என்னும் புற ஊதாக் கிரணம் சருமத்தில் பட்டால்தான் டி3 வைட்டமின் உற்பத்தியாகி, ஆகாரத்திலுள்ள சுண்ணாம்புச்சத்தை உடம்பு கிரகிக்கும். இல்லையேல் எலும்பு நொய்ந்து, ஓடு மெத்தென்று ஆகி, குஞ்சு கால் ஊன்ற மாட்டாமல் கிடக்கும். ஜன்னலோரம் பெட்டியை வைத்துவிட்டு, வெயில் படுகிறதே என்று திருப்தி கொள்வோர் ஏராளம். கண்ணாடி அந்தக் கிரணத்தைத் தடுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எனவே இதற்கென்றே செய்த குழல்விளக்கை உஷ்ண பல்பின் அருகிலேயே, தயாரிப்பாளர் குறித்த தூரத்தில் பொருத்தி, இரண்டையும் நாள்தோறும் 12 மணி நேரம் எரியவிட வேண்டும். விளக்கு பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் புற ஊதாக் கிரணம் தேய்ந்துபோவதால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றிவிடுவது தவிர்க்க முடியாத செலவு.

இனி, பலரும் வழுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். மத்தியதரைப் பிரதேசம் என்றதும் காய்ந்த பாறையும் வெள்ளை வெயிலுமே நினைவுக்கு வருவதால், பெட்டிக்குள் உலர்ந்த மணலைக் கொட்டி, மேலே விளக்கெரித்து, அதுவே தாயகமென்று நம்பிவிடுகிறோம். வளர்ந்த ஆமை திறந்த வெளியில் உலவலாம். குஞ்சோ பறவைகளுக்கும் வெயிலுக்கும் பயந்து, புதர்களின் அடியில், ஈரம் காயாத சருகுகளுக்குள்ளும் வேர்களுக்கிடையிலும் தன் முதல் வருஷங்களைப் பெரும்பாலும் மறைந்தே கழிக்கிறது. வறட்சியில் வளர்த்த குஞ்சின் ஓடு, சமமாகப் பரவாமல் ஒவ்வொரு தகடும் கூம்பு கூம்பாக எழும்பி விகாரமாகும். ஒருமுறை அப்படி வளர்ந்தால் பின்பு சீராவதில்லை. புரதம் மிகுந்த ஆகாரமே இதற்குக் காரணமென்று நெடுங்காலம் நம்பி வந்தனர். சுல்காட்டா என்ற ஆப்பிரிக்க இனத்தின் குஞ்சுகளைக் கொண்டு நடந்து 2003-ல் வெளியான பரீட்சையில், வீஸ்னர், ஈபன் என்ற ஆய்வாளர்கள் புரதத்தின் பங்கு சிறிதே என்றும், காற்றின் ஈரம் குறைவதே பிரதான காரணம் என்றும் கண்டனர். இனம் வேறாயினும் ஹெர்மன் வளர்ப்போரின் அனுபவமும் இதையே ஒட்டிச் செல்கிறது.

ஆகவே உரம் கலவாத தோட்டமண்ணோடு தேங்காய் நார்க்கழிவைக் கலந்து, 8 அல்லது 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பி, புட்டுக்குப் பிசிறிய மாவைப்போலப் பிடித்தால் பிடிக்கும், உதிர்த்தால் உதிரும் பதத்தில் நனைத்து வைக்க வேண்டும். மேற்பரப்பு காய்ந்தாலும் அடிமண் ஈரமாகவே இருக்கட்டும். அடிமண் சேறாகிவிட்டால் வயிற்றோட்டில் புண் வரும். தேவதாரு, பைன் மரச் சீவல்களின் வாசனைத் தைலம் ஆகாது. குளிர்ந்த கோடியில் பூந்தொட்டி ஒன்றைப் படுக்கவைத்து, பாதி மண்ணில் புதைத்து, உள்ளே ஈரப் பாசியைத் திணித்துவிட்டால் அதுவே குஞ்சின் படுக்கையறை. பல்பின் கீழே மட்டும் தட்டைக்கல் போதும். உயர்ந்த கற்களை அங்கே வைத்தால், ஏறி மல்லாந்து விழுந்த குஞ்சு புரள முடியாமல் விளக்கின் சூட்டிலேயே உயிர்விடும் அபாயம் உண்டு. தண்ணீருக்கு, எளிதில் ஏறி இறங்கக்கூடிய ஆழமற்ற மண்தட்டு நல்லது. அதோடு தினந்தோறும் கால் மணி நேரம், தாடை முழுகாத அளவு வெதுவெதுப்பான நீரில் குஞ்சை நிறுத்தவும் வேண்டும். அது நீரருந்தும், கழிவும் வெளியேறும்.

ஆகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டான்டிலியன் முதலிய களைச்செடிகளின் இலையும் பூவும், கடித்துத் தேய்த்துக்கொள்ள ஒரு கணவாய் ஓடும் போதும். பழமும் பூனைத் தீனியும் வேண்டாம். அரளி, டாஃபடில், ஃபாக்ஸ்க்ளோவ் போன்ற நச்சுச்செடிகள் அருகிலும் வரக்கூடாது.

துணையில்லாமல் ஏங்குமே என்று இரக்கப்பட்டு இரண்டு குஞ்சுகளை ஒரே பெட்டியில் விடுவது அன்பினால் நேரும் தவறு. ஆமைகள் தனித்து வாழும் சுபாவமுடையவை. இரண்டு இருந்தால் வலியது விளக்கடியையும் உணவையும் கைப்பற்ற, மெலிந்தது நாளெல்லாம் பொந்தில் ஒளிந்து, சத்தமில்லாமல் தேய்ந்து போகும். தரையில் உலவவிடுவதும் வேண்டாம். குளிர்க்காற்று, கதவிடுக்கு, மிதிக்கும் கால் ஆகிய எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. ஆரோக்கியமாகத் தோன்றும் ஆமையின் உடம்பிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடுமாதலால், தொட்ட குழந்தைகள் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். இந்தக் கிருமிக்கு அஞ்சியே அமெரிக்க அரசாங்கம் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை 1975-ல் தடுத்தது.

வாரம் ஒருமுறை குஞ்சை நிறுத்து எடையை எழுதி வைப்பவர், நோய் கண்ணுக்குத் தெரியுமுன்பே அதை எண்களில் கண்டுவிடுவார். கோடையில் வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் குஞ்சைத் தோட்டத்தில், மேலே வலையிட்ட சிறு கூண்டில் விட்டு, நிழலும் தண்ணீரும் கைக்கெட்டும்படி வைத்துவிட்டால், எந்த விளக்கும் தரமுடியாத கிரணத்தை அது நேரே பெறும். வலை அவசியம், காகமும் மேக்பையும் எலியும் இந்த அளவுக் குஞ்சைத் தூக்கிச் செல்லத் தயங்குவதில்லை. மாலையில் காற்று குளிரத் தொடங்கியதும் உள்ளே கொண்டுவந்து, ஈரம் தெளித்த பெட்டியில் விட்டால் போதும். விளக்கடிக்கா பாசிக்குள்ளா, எங்கே போவதென்பதை அதன் கால்களே அறியும்.