நடைபாதையில் வளர்ந்த குழந்தைகள்

நியூயார்க் மாநகரின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், ஹட்சன் தெருவிலே, முன்பு கீழ்த்தளத்தில் மிட்டாய்க் கடை இருந்த ஒரு பழைய வீட்டை நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையாரும் அவர் கணவரும் 1947இல் வாங்கிய காலத்தில், வசதியுள்ள இளங்குடும்பங்கள் குழந்தைகளின் க்ஷேமத்தை உத்தேசித்துப் புறநகர்களை நாடிச் சென்றுகொண்டிருந்தன. இவர்களோ பின்னர் பிறந்த மூன்று குழந்தைகளையும் அந்தச் சந்தடியிலேயே வளர்த்தார்கள்.

கடைகளும் வீடுகளும் கலந்து, காலை முதல் இரவு வரை ஜன நடமாட்டம் உள்ள தெருவில் குழந்தைகளுக்குக் காவல் தானாகவே அமைந்துவிடுகிறது என்பது, 1961இல் வெளிவந்த தமது நூலில் ஜேன் அம்மையார் விஸ்தாரமாக நிலைநாட்டிய சித்தாந்தம். வீதியின் நடுவே ஓடிய அவருடைய மகனைப் பூட்டுக் கடைக்காரர் அதட்டியதோடு நில்லாமல், பிற்பாடு அவ்வழியே சென்ற தகப்பனாரிடமும் அதைத் தெரிவித்தாராம். உறவோ கடமையோ இல்லாத ஒருவர் காட்டும் இந்தப் பொறுப்புணர்ச்சியைச் சம்பளத்துக்கு அமர்த்திய ஆள் கற்பிக்க இயலாது என்று அம்மையார் வாதிப்பது முற்றிலும் நியாயமே. (நம் ஊர் அயல்வீட்டுப் பாட்டிமார் புத்தகம் படித்தா இதைச் செய்தார்கள்!)

அதே கிரீன்விச் வில்லேஜில் உள்ள வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஊடே பெருஞ்சாலை அமைக்க அதிகாரிகள் முனைந்தபோதும், அப்பேட்டைத் தாய்மார்கள் முன்னின்று 1950களின் இறுதியில் அதைத் தடுத்துவிட்டனர். மகன்களை வியத்நாம் யுத்தத்துக்கு அனுப்ப மனமின்றி 1968இல் கனடாவின் டொரான்டோவுக்குக் குடிபெயர்ந்த ஜேக்கப்ஸ் குடும்பம், அங்கும் நகரத்துக்குள்ளேயே வீடு பார்த்துக்கொண்டது.