வளர்ப்புப் பிள்ளையிடம் உண்மையை மறைக்கலாமா?

 

பெரியவர்கள் மூடிவைத்த குடும்ப இரகசியமொன்றைப் பிள்ளை தற்செயலாக அறிந்துகொள்ளும் நாளில் அதன் குழந்தைப் பருவமே முடிந்துவிடுகிறது. வளர்ப்புப் பிள்ளைகள் விடயத்தில் இது அடிக்கடி நிகழ்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கையில் பிறப்புச் சான்றிதழ் காட்டிக்கொடுக்கிறது. அல்லது கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். தன்னைப் பெற்றவர் யார் என்பதைவிட, "உம்மாவும் வாப்பாவும் இவ்வளவு காலம் பொய் சொன்னார்களா?" என்ற எண்ணமே அப்பிள்ளையை வதைக்கிறது.

ஸைத் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட அவர், கதீஜா (ரலி) அவர்கள் மூலம் நபி (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார். தந்தை ஹாரிஸா தேடிவந்து அழைத்தபோதும் நபியவர்களுடன் இருப்பதையே அவர் விரும்பினார். மக்கள் அவரை 'ஸைத் இப்னு முஹம்மத்' என்றழைத்தனர். பின்னர், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களது தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டுமென அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் கட்டளையிட்டது. தந்தையர் அறியப்படாதோர் மார்க்கச் சகோதரர்கள் என்றும் அது கூறுகிறது. அவர் மீண்டும் 'ஸைத் இப்னு ஹாரிஸா' ஆனார். பெயர் மாறியது, பாசம் மாறவில்லை. ஹிஜ்ரி 8இல் முஃதாப் போருக்கு நபியவர்கள் நியமித்த முதலாவது தளபதி அவரே.

எனவே, பிள்ளைக்கு விளங்கத் தொடங்கும் வயதிலேயே, "நீ வேறொரு தாயின் வயிற்றில் பிறந்தாய், அல்லாஹ் உன்னை எங்களிடம் தந்தான்" என்று கனிவோடு சொல்லுங்கள். பெற்றவர்களை ஒருபோதும் இழிவாகப் பேசாதீர்கள். மறைத்துவைத்தால் பெண்பிள்ளையின் நிகாஹ்வில் 'வலி' யார் என்ற கேள்வி எழும்போது சபை நடுவே உண்மை வெளிப்பட்டுவிடும். வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லாவிடினும், வாழும்போதே அன்பளிப்பாகவும், சொத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்தாகவும் வழங்க மார்க்கம் இடமளிக்கிறது. தன் பெற்றோரை இயன்றவரை அறிந்துகொள்வது பிள்ளையின் உரிமை என்பதை, இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயமும் கூறுகிறது.

இளைஞர்களே! இவ்வுண்மையைத் தாமதமாக அறிந்தவராக நீங்கள் இருந்தால், உங்கள் வேதனை நியாயமானதே. கேட்க வேண்டியதைக் கண்ணியமாகக் கேளுங்கள். ஆயினும், உங்கள் காய்ச்சலுக்குக் கண்விழித்த கைகளை உதறிவிடாதீர்கள். அவர்கள் மறைத்தது உங்களை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தினாலேயே இருக்கலாம்.

உண்மையை அன்போடு உரைக்கும் பெற்றோராகவும், நன்றி மறவாத பிள்ளைகளாகவும் அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக!