தொண்டும் தொண்டர் நலமும்

கொல்கத்தாவின் கிடர்பூர் கப்பல்துறை 1892இல் திறக்கப்பட்டது. மாலுமிகளும் குடும்பத்தைப் பிரிந்து வந்த கூலித் தொழிலாளரும் கூடும் துறைமுகப் பகுதிகளில் பால்வினை நோய்கள் எளிதில் பரவுவது உலகெங்கும் காணப்படும் உண்மை. மருத்துவமனை அமைத்துத் துண்டுப்பிரசுரம் வழங்கினால் போதும் என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம்.

1992இல் இதே நகரின் வடபகுதியான சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜானா வேறு வழியை மேற்கொண்டார். பாலியல் தொழிலாளரான பெண்களையே பயிற்றுவித்து, தம்மைப் போன்ற பெண்களிடம் வீடுவீடாகச் சென்று பேசச் செய்தார். மதிப்பு, நம்பிக்கை, அங்கீகாரம் ஆகிய மூன்றுமே அவரது திட்டத்தின் அடித்தளம். மும்பையில் இத்தொழிலாளரிடையே எச்.ஐ.வி. பாதிப்பு பாதியைத் தாண்டிய 1990களில், சோனாகாச்சியில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

ஆனால் இங்கு நாம் கருத வேண்டியது பணி செய்தவர்களுக்கு நேர்ந்த மாற்றமே. ஆணுறையைப் பற்றிப் பேசச் சென்றவர்கள், கந்துவட்டியையும் காவல்துறைத் தொல்லையையும் பற்றிப் பேசத் தொடங்கினர். 1995இல் துர்பார் மகிளா சமன்வய சமிதி தோன்றியது. அவ்வாண்டே உஷா கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. உறுப்பினர் நன்னடத்தை உடையவராக இருத்தல் வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றபோது, 'நாங்கள் இன்ன தொழில் செய்பவர்கள்' என்பதை மறைக்காமலே அவர்கள் வாதாடி வென்றனர். பணி பின்னர் கிடர்பூர், காளிகாட் பகுதிகளுக்கும் பரவியது. இப்பெண்கள் சிறு உதவித்தொகை பெற்றனர். ஆகவே கண்டிப்பான பொருளில் இவர்களைத் தன்னார்வலர் எனல் பொருந்தாது என்பாரும் உண்டு.

தொண்டு உடல்நலம் தருமா? தொண்டு செய்வோரிடையே இறப்பு விகிதம் சுமார் 22 சதவீதம் குறைவு என 2013இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறியது. எனினும் சோதனை முறை ஆய்வுகள் இதனை உறுதி செய்யவில்லை என்றும் அதுவே ஒப்புக்கொண்டது. நலமுள்ளவரே தொண்டுக்கு முன்வருவர் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். இக்குறையைத் தவிர்க்க, கனடாவின் வான்கூவரில் 106 மாணவரைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கினர். வாரம் ஒருமுறை சிறுவர்களுக்கு உதவிய பிரிவினரிடம், பத்து வாரங்களுக்குப்பின் கொழுப்பும் உடல் அழற்சிக்கான அறிகுறிகளும் குறைந்திருந்தன.

எனவே அதிகாரிகள் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேர் பணியில் உள்ளனர் என்பது மட்டுமன்று. அப்பணியில் முடிவெடுப்பவர் யார் என்பதுமாகும். 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஆஷா பணியாளரைத் தன்னார்வலர் என்றே வகுத்தது. நிலையான ஊதியமும் ஊழியர் என்ற அங்கீகாரமும் கோரி அவர்கள் பல மாநிலங்களில் போராடி வந்துள்ளனர்.