கிடார் பழகும் பிள்ளையின் விரல்களைக் கவனியுங்கள்!

இப்போதெல்லாம் ஆர்.எஸ்.புரம், காந்திபுரம் மட்டுமில்லை, பொள்ளாச்சி, கோபியிலும் கிடார் கிளாஸ் வந்துவிட்டது. பெற்றோர் ஆசையோடு சேர்த்து விடுகிறீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மூன்றாவது மாதமே, "பையன் மணிக்கட்டு வலிக்குதுங்கறான், என்ன பண்றதுங்க?" என்று என்னிடம் அழைத்து வருகிறீர்கள். வலி ஏன் வருகிறது என்று தெரிய வேண்டுமானால், பிள்ளை என்ன வாசிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஆர்பெஜியோ என்பது என்ன?

மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒலித்தால் அது கார்டு. அதையே ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரித்து வாசித்தால் ஆர்பெஜியோ. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் 'இளைய நிலா' பாட்டின் ஆரம்பக் கிடாரை நினைத்துப் பாருங்கள், சட்டென்று புரியும்.

மைனர் கீயில் பழகும் பிள்ளைக்கு மூன்று கார்டுகள் முக்கியம். 'ஏ' மைனரை எடுத்துக்கொள்வோம். 'ஏ' ஸ்வரத்தை ஸட்ஜமமாக வைத்தால், முதல் கார்டு ச-க-ப. அடுத்தது 'டி' மைனர், ம-த-ச. மூன்றாவது 'ஈ' செவன், ப-நி-ரி-ம. இந்த ஸ்வரங்களை எல்லாம் சேர்த்தால் என்ன வருகிறது? நம்ம கீரவாணி! 21-ஆவது மேளகர்த்தா. மேல்நாட்டார் இதை ஹார்மானிக் மைனர் என்கிறார்கள்.

சூட்சுமம், கார்டு மாறும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கை கீழே இறங்கி ஆரம்பத்திலிருந்து ஏற வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் ஸ்வரத்துக்கு நகர்ந்தால் போதும். முதல் கார்டின் 'ச' இரண்டாவதிலும் இருக்கிறது. அங்கிருந்து அரை ஸ்வரம் கீழே வந்தால் மூன்றாவது கார்டின் 'நி'. திரும்ப அரை ஸ்வரம் ஏறினால் வீடு வந்து சேர்ந்தாச்சு. விரலுக்கு அலைச்சல் மிச்சம், காதுக்கும் இனிமை.

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார் மேதைக்கு 1928-இல் தீ விபத்தில் இடக்கை கருகி, இரண்டு விரல்கள் முடங்கிப் போயின. மிச்ச இரண்டு விரல்களைக் கொண்டே தனி வாசிப்புகளை வாசித்தார். 1937-இல் அவர் பதிவு செய்த 'மைனர் ஸ்விங்' இதே மூன்று கார்டுகளில் சுற்றுவதுதான். வேகத்தைவிட வழி தெரிந்து வாசிப்பதே பெரிது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வலி எங்கே, எதனால்?

சித்த மருத்துவத்தில் கை கால் அசைவுக்கு வியானன் என்ற வாயுவைச் சொல்வோம். ஒரே அசைவை ஓய்வில்லாமல் செய்தால் வாதம் மிஞ்சும். சோமனூர், பல்லடம் பக்கம் நாளெல்லாம் நூல் முடிச்சுப் போடுகிறவர்களின் கைவலியும் இந்த வகைதான்.

* விரல் நுனி எரிச்சல்: பயப்படாதீர்கள். சில வாரத்தில் தோல் காய்த்துவிடும். காய்ப்பைப் பிய்க்கக் கூடாது.
* கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி: கிடார் கழுத்தை இறுக்கிப் பிடிப்பதால் வரும். பிடியைத் தளர்த்தச் சொல்லுங்கள்.
* இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப் போவது: மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். எண்ணெய் தடவி நாள் கடத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். பெரியவர்கள் கற்றுக்கொண்டால் சர்க்கரை, தைராய்டு பரிசோதனையும் அவசியம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் 5 நிமிடம் விரல்களை மடக்கி விரிக்கட்டும். 20 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் ஓய்வு. மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு கார்டுக்கு நான்கு தட்டு என்று ஆரம்பிக்கலாம். வலியில்லாமல் வந்தால் மட்டும் 5 கூட்டுங்கள். கம்பியைக் கட்டைக்கு ஒட்டினாற்போல் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நைலான் கம்பி கிடார் நல்லது.

இரவில் முன்கையில் உளுந்துத் தைலத்தை மிதமான சூட்டில் தடவி, முழங்கையிலிருந்து விரல் நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். நொச்சி இலை ஒத்தடமும் இதமாக இருக்கும். வீக்கமோ சிவப்போ இருந்தால் ஒத்தடம் வேண்டாம்.

"டிரினிட்டி கிரேடு தேர்வு வருதுங்க, நிறுத்த முடியாதுங்க" என்பீர்கள். தேர்வு அடுத்த தடவையும் வரும். பதினாலு வயதில் நரம்பைக் கெடுத்துக்கொண்டால் கிடாரோடு பேனாவும் பிடிக்க முடியாமல் போகலாம். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், சோம்பேறித்தனம் என்று அதட்டாமல் அன்றைக்குக் கிடாரை மூடி வையுங்கள்.