உங்களுக்குத் தெரியுமா? செக் மக்களும் 'பொஹீமியர்' என்ற பெயரும்

செக் மக்களைப் பிற ஐரோப்பியர் நெடுங்காலம் 'பொஹீமியர்' என்றே அழைத்தனர். உண்மையில் அது அவர்கள் குடியேறிய பொஹீமியா என்ற மண்ணின் பெயரிலிருந்து வந்தது. அங்கே முன்பு வாழ்ந்த போயி என்ற கெல்ட்டியக் குலத்தின் பெயர் அந்நிலத்தில் நிலைத்துவிட்டதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் முதல் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவைத்தார். செக் மக்களின் ஸ்லாவிய முன்னோர் வந்ததோ 6ஆம் நூற்றாண்டில்! பிறகு 15ஆம் நூற்றாண்டில் ரோமா நாடோடிகள் பிரான்சை அடைந்தபோது, அவர்கள் பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள் என்று எண்ணிய பிரெஞ்சுக்காரர்கள் அதே பெயரை அவர்களுக்கும் சூட்டினர். 19ஆம் நூற்றாண்டில் அது பாரிஸின் ஏழைக் கலைஞர்களைக் குறித்தது. 1896இல் அரங்கேறிய புச்சினியின் 'லா போஎம்' இசை நாடகம் அப்பொருளை உலகெங்கும் பரப்பியது.

அப்படியானால் செக் மக்களுக்கும் இப்பெயருக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்கலாம். அப்படிச் சொல்வதும் பிழை. 12ஆம் நூற்றாண்டில் பிராக் நகரின் காஸ்மாஸ் லத்தீனில் எழுதிய வரலாறு தம் மக்களை இப்பெயராலேயே சுட்டுகிறது. ஆயினும் பொஹீமியாவில் பிறந்த ஜெர்மானியரும் பொஹீமியரே. அண்டைப் பகுதியான மொராவியாவில் வாழும் செக் மொழியினர் அதில் அடங்கார். ஓர் இனத்தைக் குறிக்கச் 'செக்' என்பதே சரியான பெயர்.