மகிழுந்து கழுவுதல்

மகிழுந்து கழுவுதல் என்பது மகிழுந்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் படியும் தூசு, சேறு, எண்ணெய்ப் பசை, பறவை எச்சம் போன்றவற்றை நீக்கும் பராமரிப்புப் பணியாகும். இதனை உரிமையாளர் தாமே செய்யலாம். கூலி கொடுத்துப் பிறரைக் கொண்டும் செய்விக்கலாம். இவற்றுள் எது சிறந்தது என்பதைப் பணச்செலவு மட்டும் முடிவு செய்வதில்லை. செலவாகும் நீரின் அளவு, கழிவுநீர் சென்று சேரும் இடம், வண்ணப்பூச்சின் ஆயுள், உழைப்பவர் பெறும் ஊதியம் ஆகியவற்றையும் கருத வேண்டும். இக்கட்டுரை திருச்சிராப்பள்ளியை அடுத்த கைலாசபுரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகின்றது.

## தேவை

மகிழுந்தின் வண்ணப்பூச்சுக்கு மேல் நிறமற்ற மெல்லிய காப்புப் படலம் ஒன்று உள்ளது. பளபளப்பைத் தருவதும் வெயிலில் இருந்து நிறத்தைக் காப்பதும் இப்படலமே. பறவை எச்சத்தில் உள்ள அமிலத்தன்மை கொண்ட பொருட்கள் வெயிலில் சூடேறி இப்படலத்தை அரிக்கின்றன. மரப்பிசினும் இறந்த பூச்சிகளும் நாட்பட்டால் கறையாகின்றன. அடிப்புறத்தில் ஒட்டிய சேறு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் இரும்புப் பகுதிகள் துருப்பிடிக்கின்றன. எனவே கழுவுதல் அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று.

ஆயினும் அடிக்கடி கழுவுவதும் தீங்கே. மணல் துகள் ஒட்டிய துணியால் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் காப்புப் படலத்தில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன.

## திருச்சிராப்பள்ளிச் சூழல்

கைலாசபுரம், திருச்சிராப்பள்ளியில் இருந்து தஞ்சாவூர் செல்லும் வழியில் திருவெறும்பூருக்கும் துவாக்குடிக்கும் அருகே அமைந்துள்ள நகரியம் ஆகும். செக்கோசிலோவாக்கியாவின் உதவியுடன் நிறுவப்பட்டு 1965இல் இயங்கத் தொடங்கிய பாரத மிகு மின் நிறுவனத்தின் (பெல்) கொதிகலன் ஆலைப் பணியாளர்களுக்காக இது உருவாக்கப்பட்டது. திட்டமிட்டு அமைக்கப்பட்ட இத்தகைய நகரியங்களில் வீட்டை ஒட்டி வண்டி நிறுத்த இடம் கிடைப்பதால், தாமே கழுவுவது எளிது. மாறாக, திருவரங்கத்தில் கோயிலைச் சூழ்ந்த உத்திர வீதி, சித்திரை வீதி போன்றவற்றில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியுள்ளன. அங்கு வாசலில் வண்டியைக் கழுவினால் நீர் தெருவில்தான் ஓடும்.

திருச்சிராப்பள்ளி மாநகராட்சி, காவிரி, கொள்ளிடம் ஆகிய ஆறுகளின் படுகைகளில் அமைந்த நீர்சேகரிப்புக் கிணறுகளில் இருந்து குடிநீர் எடுக்கின்றது. இதனால் வீட்டுக் குழாயில் வரும் நீரைக் கொண்டு வண்டி கழுவுவது ஆற்றின் குடிநீரைக் கொண்டு கழுவுவதாகவே அமைகின்றது. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக இருந்தால், அது காய்ந்தபின் சுண்ணாம்புத் திட்டுகளை விட்டுச் செல்லும்.

ஆயுத பூசையின் போது வண்டிகளைக் கழுவிச் சந்தனம், குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது தமிழகத்தில் பரவலான வழக்கம். அந்நாளை ஒட்டி 'வாட்டர் சர்வீஸ்' நிலையங்களில் கூட்டம் மிகுவதும் வழக்கமே.

## முறைகள்

தாமே கழுவுதல்: வாளி, துணி, வாகனங்களுக்குரிய சோப்புநீர் ஆகியவை போதும். ஒரு வாளியில் சோப்புநீரும் மற்றொன்றில் தூய நீரும் வைத்து, துணியை ஒவ்வொரு முறையும் தூய நீரில் அலசிய பின்னரே சோப்புநீரில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வருதல் முறையாகும். சக்கரங்களுக்குத் தனித் துணி தேவை. வெயிலில் கழுவினால் சோப்புநீர் உடனே காய்ந்து கறைபடும். பாத்திரம் துலக்கும் சோப்பு, மெழுகுப் பூச்சையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

வீட்டிற்கு வரும் பணியாளர்: மாத ஊதியத்திற்கு விடியற்காலையில் வந்து பல வண்டிகளைத் துடைத்துச் செல்வோர் உள்ளனர். ஒரே வாளி நீரையும் ஒரே துணியையும் பல வண்டிகளுக்குப் பயன்படுத்தினால், முதல் வண்டியின் மணல் அடுத்த வண்டியில் கீறலாகின்றது. இது பணியாளரின் குறை அன்று, கருவிகளின் குறையாகும். உரிமையாளரே துணியும் நீரும் தந்தால் இது பெரிதும் நீங்கும்.

வாட்டர் சர்வீஸ் நிலையம்: வண்டியைத் தூக்கியில் உயர்த்தி, அழுத்தமிக்க நீரால் அடிப்புறத்தைக் கழுவுவது இதன் சிறப்பு. மழைக்காலச் சேற்றை வீட்டில் இவ்வாறு நீக்குதல் அரிது.

தானியங்கி முறை: சுழலும் தூரிகைகளின் வழியே வண்டி செல்லும் முறையாகும். மகிழுந்துகளைக் கழுவுவதற்கென்றே அமைந்த நிலையங்கள் 1914 அளவில் ஐக்கிய அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தோன்றின. தொடக்கத்தில் அங்கு மனிதர்களே வண்டிகளைத் தள்ளிச் சென்று கழுவினர். எந்திரங்கள் பின்னரே வந்தன.

## நீர்ச் செலவு

வீட்டுத் தோட்டக் குழாயில் நிமிடத்திற்கு 10 லிட்டர் நீர் வருவதாகக் கொண்டால், 20 நிமிடங்களில் 200 லிட்டர் செலவாகும். இந்திய நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழங்கப்பட வேண்டியதாக நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகள் கூறும் அளவு 135 லிட்டர். அதாவது, குழாயைத் திறந்துவிட்டு ஒருமுறை வண்டி கழுவுவது ஒருவரின் ஒரு நாள் தேவைக்கும் மிகுதியான நீரை எடுத்துக்கொள்கின்றது.

15 லிட்டர் வாளிகள் மூன்றைக் கொண்டு கழுவினால் 45 லிட்டரே செலவாகும். வீட்டு உபயோகத்திற்கான உயரழுத்தக் கருவிகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 முதல் 8 லிட்டர் நீரையே வெளியிடுகின்றன. அழுத்தம் மிகுதி என்பதால் நீரும் மிகுதி என்று எண்ணுவது தவறு. நீரை மீளப் பயன்படுத்தும் நிலையங்களில் புதுநீரின் தேவை மேலும் குறைகின்றது. எனவே நீர்ச் செலவை முடிவு செய்வது கழுவுபவர் யார் என்பதன்று. எவ்வாறு கழுவுகிறார் என்பதே.

## கழிவுநீர்

கழுவிய நீரில் எண்ணெய், பசை, சோப்பு, தடைக்கட்டைகளில் இருந்து உதிர்ந்த உலோகத் துகள் ஆகியவை கலந்திருக்கும். இந்நீர் மழைநீர் வடிகாலில் விழுந்தால் தூய்மை செய்யப்படாமலே வாய்க்காலையும் ஆற்றையும் அடையும். முறையாக இயங்கும் நிலையத்தில் மணல் படியும் தொட்டியும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் இருக்க வேண்டும். தொழிற்கூடங்கள் கழிவுநீரை வெளியேற்ற 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தேவை. இத்தொட்டிகள் உள்ள நிலையம் இவ்வகையில் வீட்டு வாசலை விடச் சிறந்தது; இல்லாத நிலையம் வாசலை விடத் தீயது. செருமனியின் பல நகராட்சிகள், தெருவிலும் மண்தரையிலும் வண்டி கழுவுவதை இக்காரணத்தாலேயே தடை செய்துள்ளன.

## செலவும் நேரமும்

தாமே கழுவினால் கூலி மிச்சமாகும் என்பது வெளிப்படை. ஆனால் அந்நேரத்தில் செய்யக்கூடிய வேறு பணியின் மதிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். பொருளியலில் இது வாய்ப்புச் செலவு எனப்படும். அதே வேளை, கூலி கொடுத்தால் நேரம் மிச்சமாகும் என்பதும் எப்போதும் உண்மையன்று. எடுத்துக்காட்டாக, வீட்டில் கழுவ ஒரு மணி நேரமும், நிலையத்திற்குச் சென்று காத்திருந்து திரும்ப ஒன்றரை மணி நேரமும் ஆனால், பணமும் நேரமும் சேர்ந்தே செலவாகின்றன. வீட்டிற்கு வரும் பணியாளரால் மட்டுமே நேரம் முழுமையாக மிஞ்சுகின்றது.

தாமே கழுவுபவருக்கு மற்றொரு பயனும் உண்டு. சக்கரத்தில் பதிந்த ஆணி, தரையில் சொட்டிய எண்ணெய், புதிய துருப்புள்ளி போன்றவை அவர் கண்ணில் முதலில் படும்.

## பணியாளர் நிலை

வண்டி துடைப்போர் பெரும்பாலும் முறைசாராத் தொழிலாளர்கள். எழுத்து வடிவ ஒப்பந்தமோ, ஊதியத்துடன் விடுப்போ அவர்களுக்கு அரிது. வீட்டார் ஒரு மாதம் ஊருக்குச் சென்றால் அம்மாத ஊதியம் நின்றுவிடக்கூடும். சோப்புநீரில் நெடுநேரம் கை நனைவதால் தோல் அழற்சி உண்டாகலாம். கையுறை இதனைத் தடுக்கும். முறைசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்வதற்கான இ-சிரம் தளத்தை நடுவண் அரசு 2021 ஆகத்தில் தொடங்கியது. தாமே கழுவும் ஒருவரின் சேமிப்பு, மற்றொருவர் இழக்கும் வருமானமாகவும் இருக்கக்கூடும்.

## கட்டுப்பாடுகள்

2024 மார்ச்சில் கடும் பற்றாக்குறை ஏற்பட்டபோது, பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம், குடிநீரால் வண்டி கழுவுவதைத் தடை செய்து 5,000 ரூபாய் தண்டம் அறிவித்தது. அதே ஆண்டு மே இறுதியில், குழாய் வைத்து வண்டி கழுவுவோருக்குத் தில்லியில் 2,000 ரூபாய் தண்டம் அறிவிக்கப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் வறட்சிக் காலங்களில் விதிக்கப்படும் குழாய்த் தடை, வீட்டில் குழாய் கொண்டு வண்டி கழுவுவதையும் உள்ளடக்கும். வாளியில் கழுவுவதற்கு அத்தடை பொருந்தாது.

## தெரிவு

இரு வழிகளையும் இணைத்துக் கொள்வதே பலருக்குப் பொருந்தும். வாராந்தத் தூய்மையை வாளி நீரால் தாமே செய்யலாம். அல்லது நல்ல துணியும் நியாயமான ஊதியமும் தந்து பணியாளரிடம் விடலாம். மழைக்காலம் முடிந்தபின் அடிப்புறத்தைக் கழுவ, எண்ணெய் பிரிக்கும் தொட்டி உள்ள நிலையத்தை நாடலாம். காவிரியில் நீர் குறையும் கோடையில், ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக் கொள்வது நன்று. ஆனால் உலர்ந்த தூசின் மீது உலர்ந்த துணியால் தேய்ப்பதை எக்காலத்திலும் தவிர்க்க வேண்டும்.

## இவற்றையும் பார்க்க

* கைலாசபுரம்
* காவிரி ஆறு
* கடினநீர்
* வாய்ப்புச் செலவு